ஸ்பிண்டில் சாண்டர்: வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்பிண்டில் சாண்டர் என்பது மரத்தின் வளைந்த விளிம்புகளைத் தேய்த்து வழவழப்பாக்க உதவும் மின்பொறி ஆகும். இதைத் தமிழில் சுழல்தண்டுத் தேய்ப்புப் பொறி எனலாம். மேசையின் நடுவில் உள்ள துளை வழியாகச் செங்குத்தான தண்டு ஒன்று மேலெழுந்து நிற்கும். அத்தண்டின்மேல் உப்புத்தாள் உறை போர்த்திய ரப்பர் உருளை மாட்டப்பட்டிருக்கும். மோட்டார் இயங்கும்போது உருளை சுழலும். அதே வேளையில் மெதுவாக மேலும் கீழும் ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தையே ஊசலாட்டம் என்கிறோம். மரத்தை மேசைமீது படுக்க வைத்து, அதன் விளிம்பை உருளையோடு அணைத்து நகர்த்தினால் விளிம்பு சீராகும்.

தரையில் நிற்கும் பெரிய பொறிகள் தொழிற்கூடங்களுக்கு உரியவை. வேலைமேசையின்மேல் தூக்கி வைக்கக்கூடிய சிறிய பொறிகள் வீட்டுப் பட்டறைக்கு ஏற்றவை. இக்கட்டுரை அந்தச் சிறிய பொறிகளைப் பற்றியது. இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மோட்டாரின் வாட் அளவைத்தான். ஆனால் செய்யப்போகும் வளைவின் அளவு, மேசையின் செம்மை, தூசியை வெளியேற்றும் வசதி ஆகிய மூன்றுமே ஒரு பொறி நமக்குப் பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. ஏன் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எந்த வேலைக்கு உரியது?

மரத்தின் நேர் விளிம்பை இழைப்புளி கொண்டு சீராக்கலாம். வெளிப்புறம் புடைத்த வளைவைத் தட்டு வடிவ உப்புத்தாள் பொறியில் தேய்க்கலாம். உட்குழிந்த வளைவுக்கு இவை இரண்டும் உதவா. இழைப்புளியின் அடிப்பாகம் குழிக்குள் அமராது. தட்டின் தட்டையான முகமும் அங்கே படியாது. நாற்காலிக் கால்களுக்கு இடையே உள்ள வளைவு, தட்டின் கைப்பிடித் துளை, கிதார் உடலின் இடுப்புப் பகுதி, குழந்தைகளுக்கான ஆடுகுதிரையின் கழுத்து ஆகியவை இத்தகைய உட்குழிவுகள். இவ்விடங்களில் உருளை வடிவமே பொருந்தும்.

இவ்வளைவுகளை ஜிக்சா அல்லது பேண்ட் சா கொண்டு அறுக்கும்போது விளிம்பில் வாள் தடங்கள் பதிந்துவிடும். அரைவட்ட அரத்தால் அவற்றைக் களையலாம். ஆனால் ஒரே வடிவத்தில் நான்கு கால்கள் வேண்டுமெனில் கைவேலையில் நான்கும் ஒத்திருக்கச் செய்வது கடினம். விளிம்பு முகத்துக்குச் செங்குத்தாக அமையவும் மிகுந்த பழக்கம் தேவை. ஸ்பிண்டில் சாண்டரில் மரம் மேசைமீது படுத்திருப்பதால் விளிம்பு தானாகவே செங்குத்தாக அமைகிறது. இப்பொறியின் முதன்மையான பயன் இதுவே.

ஊசலாட்டம் எதற்கு?

உருளை ஒரே இடத்தில் சுழன்றால் மூன்று தீங்குகள் நேரும். மரம் தொடும் பட்டை மட்டும் விரைவில் தேய்ந்துவிடும். அப்பட்டையில் வெப்பம் குவிந்து மரம் கருகும். உப்புத்தாளில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு துகள் மரத்தில் ஒரே கோட்டைத் திரும்பத் திரும்பக் கீறி ஆழமான பள்ளத்தை உண்டாக்கும். உருளை ஏறி இறங்கும்போது இம்மூன்றும் குறைகின்றன.

இதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். சிறிய பொறிகள் பலவற்றில் உருளை நிமிடத்துக்கு 2000 முறை சுழலும்; 58 முறை ஊசலாடும். ஊசல் தூரம் 16 மி.மீ. எனக் கொள்வோம். 2000-ஐ 58-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 34 கிடைக்கும். அதாவது ஒரு முறை ஏறி இறங்குவதற்குள் உருளை 34 சுற்றுகள் சுற்றுகிறது. ஏறுவது 16, இறங்குவது 16, ஆக மொத்தம் 32 மி.மீ. எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் உருளை ஏறக்குறைய 1 மி.மீ. நகர்கிறது. ஒரு துகள் முன்பு கீறிய கோட்டிலேயே அடுத்த சுற்றில் கீறுவதில்லை, 1 மி.மீ. தள்ளிக் கீறுகிறது. இதனால் கீறல்கள் பரவி மெலிந்துவிடுகின்றன.

உருளையின் விட்டமும் வளைவும்

பொறியோடு வழக்கமாகப் பல விட்டங்களில் உருளைகள் வரும். 13, 19, 26, 38, 51, 76 மி.மீ. என்பன பரவலான அளவுகள். இவை அரை அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம் வரையான அளவுகளுக்கு இணையானவை. மிகச் சிறிய 13 மி.மீ. உறைக்குப் பெரும்பாலும் ரப்பர் உருளை இருக்காது. அது தண்டின்மேலேயே நேராக மாட்டப்படும்.

உட்குழிந்த வளைவின் ஆரத்தைவிட உருளையின் ஆரம் சிறிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருளை குழிக்குள் நுழையாது. அதற்காக எல்லா வளைவுக்கும் சிறிய உருளையைப் பயன்படுத்துவது தவறு. வளைவுக்குள் நுழையக்கூடிய உருளைகளுள் மிகப் பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே விதி. இதற்கு இரு காரணங்கள் உள்ளன.

முதற்காரணம் தேய்க்கும் வேகம். சுற்றுகளின் எண்ணிக்கை மாறாதபோது, உருளையின் பரப்பு நகரும் வேகம் விட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டத்தைப் பையால் பெருக்கி, அதைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வேகம் கிடைக்கும். நிமிடத்துக்கு 2000 சுற்று எனில்:

13 மி.மீ. உருளை: நிமிடத்துக்கு ஏறத்தாழ 82 மீட்டர்
26 மி.மீ. உருளை: 163 மீட்டர்
51 மி.மீ. உருளை: 320 மீட்டர்
76 மி.மீ. உருளை: 478 மீட்டர்

பெரிய உருளை சிறியதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகத்தில் தேய்க்கிறது. அதன் சுற்றளவும் அதே அளவுக்குக் கூடுதல் என்பதால் உப்புத்தாள் நீண்ட நாள் உழைக்கும், வெப்பமும் பரவும்.

இரண்டாவது காரணம் விளிம்பின் செம்மை. கை சற்றே தயங்கி நின்றால் உருளை அவ்விடத்தில் சிறு பள்ளம் தோண்டும். நேர் விளிம்பில் 0.2 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் விழுந்ததாகக் கொள்வோம். 13 மி.மீ. உருளையில் அப்பள்ளத்தின் அகலம் சுமார் 3 மி.மீ.; 76 மி.மீ. உருளையில் சுமார் 8 மி.மீ. குறுகிய பள்ளம் விரலுக்கு உடனே தட்டுப்படும். வார்னிஷ் பூசியபின் அலை அலையாகத் தெரியும். அகன்ற பள்ளமோ பக்கத்து விளிம்போடு கலந்துவிடும். 

ஆகவே வாங்குமுன் நாம் செய்ய விரும்பும் பொருள்களின் வளைவுகளைத் தாளில் வரைந்து, அவற்றின் மிகச் சிறிய ஆரத்தையும் மிகப் பெரிய ஆரத்தையும் குறித்துக்கொள்வது நல்லது. கைப்பிடித் துளைகள் மிகுதியாகச் செய்வோருக்கு 19, 26 மி.மீ. உருளைகள் இன்றியமையாதவை. நாற்காலி, மேசைக் கால்கள் செய்வோருக்கு 76 மி.மீ. உருளை கட்டாயம் வேண்டும். பெரிய உருளை இல்லாத பொறியை விலை குறைவு என்பதற்காக வாங்கினால் பின்னர் ஏமாற்றமே மிஞ்சும்.

மோட்டாரின் திறன்

மேசைமேல் வைக்கும் பொறிகளின் மோட்டார் பெரும்பாலும் அரைக் குதிரைத்திறனை ஒட்டியே இருக்கும். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால் அரைக் குதிரைத்திறன் 373 வாட் ஆகும். மின்சாரத்திலிருந்து எடுக்கும் திறனைக் குறிப்பிடும் நிறுவனங்கள் 450 வாட் என அச்சிடுவதுண்டு. எடுக்கும் திறனும் தண்டில் கிடைக்கும் திறனும் வேறு வேறு. இரண்டு விளம்பரங்களை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வீட்டு வேலைக்கு இத்திறன் போதும். வாள் தடத்தை நீக்கக் கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு அறுத்திருந்தால் தேய்க்க வேண்டிய மரம் மிகக் குறைவு. மோட்டார் திணறுகிறது என்றால் அழுத்தம் கூடிவிட்டது, அல்லது உப்புத்தாள் தேய்ந்துவிட்டது, அல்லது வாளால் அறுக்க வேண்டியதைத் தேய்த்துக் கரைக்க முயல்கிறோம் என்று பொருள்.

மேசை

மேசை தட்டையாக இருப்பதும், தண்டுக்குச் செங்குத்தாக இருப்பதும் இப்பொறியின் உயிர்நாடி. வார்ப்பிரும்பு மேசை கனமானது, அதிர்வை அடக்கும், வளையாது. ஆனால் ஈரக்காற்று உள்ள கடற்கரை ஊர்களில் துருப்பிடிக்கும் என்பதால் அவ்வப்போது மெழுகு தேய்க்க வேண்டும். அலுமினிய மேசை இலேசானது, துருப்பிடிக்காது.

மேசை எவ்வளவு சாய்ந்தால் எவ்வளவு பிழை வரும்? 25 மி.மீ. தடிமனான பலகையில் 1 பாகை சாய்வு ஏற்பட்டால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 0.44 மி.மீ. வேறுபாடு வரும். தனிப் பொருளில் இது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பகுதிகளை ஒட்டும்போது இடைவெளியாக வெளிப்படும்.

மூலமட்டத்தை மேசைமீது வைத்து உருளையோடு ஒட்டிப் பார்த்தால் பெரும் சாய்வு தெரிந்துவிடும். ரப்பர் உருளை சற்று நெகிழ்வதால் இன்னும் நுட்பமான சோதனை ஒன்று உண்டு. தடித்த மரத்துண்டு ஒன்றின் நீள விளிம்பை மெதுவாகத் தேய்த்து இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை மட்டும் புரட்டாமல், மேல்முகம் மேலேயே இருக்கும்படி அரைச்சுற்று திருப்பி, தேய்த்த விளிம்புகள் இரண்டையும் எதிரெதிராகச் சேர்த்துத் தட்டையான கண்ணாடிமீது வையுங்கள். மேலே அல்லது கீழே இடைவெளி தெரிந்தால் அது உண்மைப் பிழையின் இருமடங்கு. இடைவெளி இல்லையெனில் மேசை செம்மையாக உள்ளது.

சில பொறிகளில் மேசையை 45 பாகை வரை சாய்க்கலாம். சாய்ந்த விளிம்பு தேவைப்படுவோருக்கு இது உதவும். அவ்வாறு சாய்க்கும் பொறியில் 0 பாகையில் மேசை உறுதியாக நிற்கிறதா, அந்நிலையைச் சரிசெய்ய திருகு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சாய்வு தேவையில்லாதவர்களுக்கு நிலையான மேசையே நம்பகமானது.

உருளைக்கும் மேசைக்கும் இடையே உள்ள துளையை மூடச் செருகு தட்டுகள் வரும். ஒவ்வொரு உருளைக்கும் பொருத்தமான தட்டைப் போட வேண்டும். சிறிய உருளைக்குப் பெரிய துளையுள்ள தட்டைப் போட்டால் மரத்தின் முனை இடைவெளியில் இறங்கிச் சிக்கும், விரலுக்கும் ஆபத்து. தட்டுகள் மேசையின் மட்டத்துக்குச் சமமாக அமர்கின்றனவா என்று வாங்கும்போதே தடவிப் பார்க்க வேண்டும்.

உறைகளின் விலையும் கிடைப்பும்

பொறி ஒரு முறைச் செலவு. உப்புத்தாள் உறைகள் தொடர் செலவு. பரவலாகக் கிடைக்கும் உறைகளின் உயரம் 114 மி.மீ., அதாவது நாலரை அங்குலம். வேறு உயரத்தில் உறை கேட்கும் பொறியை வாங்கினால் அந்த நிறுவனத்தையே நம்பியிருக்க நேரிடும். எனவே 80, 120, 150 எண் உறைகள் நம் ஊரிலோ இணையக் கடைகளிலோ கிடைக்கின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டுப் பின்னர் பொறியை வாங்குவது அறிவுடைமை.

உறையைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும் வழி உண்டு. 20 மி.மீ. பலகையைத் தேய்க்கும்போது ஊசல் தூரமான 16 மி.மீ. சேர்த்து 36 மி.மீ. உயரம் மட்டுமே உழைக்கிறது. மீதி 78 மி.மீ. புதிதாகவே இருக்கும். நடுவில் துளையிட்ட பிளைவுட் பலகைகளை மேசைமீது அடுக்கிப் பிடித்துக்கொண்டால் மரம் உயர்ந்து உறையின் மேற்பகுதியில் படும். உறையைத் தலைகீழாகத் திருப்பியும் மாட்டலாம். உறையில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் மட்டும் திருப்பக் கூடாது. இவ்வாறு ஓர் உறையை மூன்று உறைகளாகப் பயன்படுத்தலாம்.

மின்னழுத்தம்

இணையத்தில் புகழப்படும் பொறிகள் பல வட அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. அவை 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்குபவை. கனடாவில் வாழும் வாசகர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வருகிறது. 120 வோல்ட் பொறியை நேராகச் செருகினால் மோட்டார் எரிந்துபோகும். மின்மாற்றி வைத்தால் மின்னழுத்தம் குறையுமேயன்றி அதிர்வெண் மாறாது. தூண்டல் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே சுழன்று கூடுதலாகச் சூடாகும். உறவினர் வழியாக வெளிநாட்டிலிருந்து பொறி தருவிப்போர் 230 வோல்ட் வகையையே கேட்டு வாங்க வேண்டும்.

450 வாட் பொறி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் எடுக்கும்; வீட்டின் 6 ஆம்பியர் செருகி போதும். அதே இணைப்பில் 1200 வாட் வேக்குவம் கிளீனரையும் சேர்த்தால் 7 ஆம்பியரைத் தாண்டும். ஆகவே இரண்டையும் ஒரே 6 ஆம்பியர் நீட்டிப்புப் பெட்டியில் மாட்டக் கூடாது. நில இணைப்பு உள்ள மூன்று முனைச் செருகியே வேண்டும்.

தூசி

இப்பொறியைத் தேர்ந்தெடுப்பதில் உடல்நலத்தைத் தொடும் பகுதி இதுவே. இழைப்புளி சுருள் சுருளாகச் சீவலைத் தரும். அது தரையில் விழும். உப்புத்தாள் தருவதோ காற்றில் மிதக்கும் நுண்தூசி. உலக நலவாழ்வு அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 1995-இல் வெளியிட்ட தொகுதியில் சேர்த்தது. மூக்கினுள்ளும் அதை அடுத்த எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோயோடு இத்தூசி தொடர்புடையது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் தூசி சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் தரும். எம்.டி.எஃப். பலகையின் தூசி மிக நுண்ணியது. அதில் பிசினும் கலந்திருக்கும்.

வீட்டுப் பட்டறை என்பது பலருக்கு மாடி முற்றமோ வண்டி நிறுத்தும் இடமோதான். அங்கே எழும் தூசி வேலை செய்பவரோடு நிற்பதில்லை. உள்ளே படுத்திருக்கும் முதியவரையும் குழந்தையையும் அடையும். எனவே தூசிக்குழாய் இல்லாத பொறியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். மேசைக்குக் கீழிருந்து தூசியை இழுக்கும் அமைப்பு நல்லது. குழாயின் வாய் பெரும்பாலும் 38 மி.மீ. அளவில் இருக்கும். நம் வேக்குவம் கிளீனரின் குழாய் அதில் பொருந்துமா, இணைப்பி தேவையா என்று அளந்து பார்க்க வேண்டும்.

தூசியை இழுத்தாலும் என்95 வகை முகக்கவசம் அணிவது கட்டாயம். மூக்கில் கட்டும் கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது.

கூட்டுப் பொறிகளும் மாற்று வழிகளும்

சில பொறிகளில் உருளையைக் கழற்றிவிட்டு உப்புத்தாள் பட்டையை மாட்டிக்கொள்ளலாம். ரிட்ஜிட் நிறுவனத்தின் இ.பி. 4424 இவ்வகையில் அறியப்பட்டது. அது 4 அங்குல அகலமும் 24 அங்குலச் சுற்றளவும் உள்ள பட்டையை ஏற்கும். உள்வளைவு, வெளிவளைவு, நேர் விளிம்பு ஆகிய மூன்றையும் ஒரே பொறியில் செய்ய விரும்புவோருக்கும், இடம் குறைந்தவர்களுக்கும் இவ்வகை ஏற்றது.

ஏற்கெனவே நிலைத் துளைப்பொறி வைத்திருப்போர் அதில் உப்புத்தாள் உருளையை மாட்டியும் தேய்க்கலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் துளைப்பொறியின் பேரிங்குகள் மேலிருந்து வரும் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. பக்கவாட்டு அழுத்தம் தொடர்ந்தால் தேயும். ஊசலாட்டமும் தூசிக்குழாயும் அதில் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் வளைவு செய்பவருக்கு இதுவே போதும். அதைவிடக் குறைந்த தேவைக்கு, பி.வி.சி. குழாய்த் துண்டில் உப்புத்தாளைச் சுற்றிக் கையால் தேய்ப்பதே சிறந்த வழி.

ஓர் எடுத்துக்காட்டு

பரிமாறும் மரத்தட்டு ஒன்றைச் செய்வதாகக் கொள்வோம். கைப்பிடித் துளையின் அகலம் 32 மி.மீ.; இரு முனைகளும் அரைவட்டம். அதன் ஆரம் 16 மி.மீ. ஆகவே 26 மி.மீ. உருளை நுழையும், 38 மி.மீ. நுழையாது. தட்டின் பக்கங்களில் உள்ள உட்குழிவின் ஆரம் 60 மி.மீ. அதற்கு 38 மி.மீ. ஆரமுள்ள 76 மி.மீ. உருளை பொருந்தும்.

துளையின் உட்புறத்தைத் தேய்க்கும்போது, பொறியை நிறுத்திவிட்டுத் தட்டை உருளையின்மேல் இறக்கி, அதன் பிறகே இயக்க வேண்டும். முதலில் 80 எண் உறையால் கோடு வரை தேய்க்க வேண்டும். பின் 150 எண் உறையால் கீறல்களைக் களைய வேண்டும். உருளை சுழலும் திசைக்கு எதிராக மரத்தை நகர்த்த வேண்டும். அதே திசையில் தள்ளினால் பொறி மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஓரிடத்திலும் நிற்காமல், மென்மையாக, நீண்ட வீச்சில் நகர்த்துவதே பழக வேண்டிய கலை. இறுதியில் 220 எண் உப்புத்தாளால் கையால் ஒருமுறை தேய்த்தால் குறுக்கு ரேகையில் தெரியும் கீறலும் மறையும்.

பல தட்டுகள் ஒரே வடிவில் வேண்டுமெனில் 6 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் ஒரு மாதிரியைச் செய்து அதை மட்டும் பொறியில் செம்மைப்படுத்தலாம். பேரிங் உள்ள ரூட்டர் பிட் அந்த மாதிரியைப் பின்பற்றி எல்லாத் தட்டுகளையும் வெட்டிவிடும்.

பாதுகாப்பு

பொறியை மேசையோடு போல்ட்டால் பிணைக்க வேண்டும். கண்ணாடி அணிய வேண்டும். கையுறை, தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த முழுக்கை ஆகியவை கூடாது. நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். பழைய மரத்தில் ஆணி இருந்தால் முதலில் பிடுங்கிவிட வேண்டும். ஆணியிலிருந்து பறக்கும் தீப்பொறி தூசிப் பைக்குள் போனால் தீப்பற்றும். உறையை மாற்றும்போது செருகியைக் கழற்றிவிட வேண்டும். விரலால் பிடிக்க முடியாத சிறு துண்டுகளைப் பெரிய பலகையில் ஒட்டிக்கொண்டு தேய்த்து, பின்னர் பிரித்தெடுக்க வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. நான் செய்யும் வளைவுகளின் மிகச் சிறிய, மிகப் பெரிய ஆரங்கள் எவை? அவற்றுக்குரிய உருளைகள் வருகின்றனவா?
2. உறைகள் எளிதில் கிடைக்கும் அளவா?
3. மேசை தட்டையாகவும் செங்குத்தாகவும் உள்ளதா? ஒவ்வொரு உருளைக்கும் செருகு தட்டு உண்டா?
4. தூசிக்குழாய் என் வேக்குவம் கிளீனரோடு பொருந்துமா?
5. என் வீட்டு மின்சாரத்துக்கு உரிய பொறிதானா?
6. ஆண்டுக்கு எத்தனை நாள் இதைப் பயன்படுத்துவேன்?

கடைசிக் கேள்விக்கு விடை ஓரிரு நாள் எனில் அரைவட்ட அரமும் உப்புத்தாளும் போதும். மாதந்தோறும் வளைவு வேலை உண்டு எனில், முதல் ஐந்துக்கும் நல்ல விடை தரும் எளிய பொறி ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும்.